புது 1911 வாங்கியாச்சு, முதலில் எதை மாற்றுவது?

சென்ற இதழில் 1911 பிஸ்டலைப் பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை. நான் இருப்பது ஹூஸ்டன் பக்கம், சுடக் கற்றதும் இங்கேதான். 12 வருடமாக வாரம் ஒரு நாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வருகிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும்.

கேள்வி: 5 அங்குலக் குழல் உள்ள முழு அளவு .45 காலிபர் 1911 வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. டிரிகர் (விசை), ஹேமர் (பின்னாலிருந்து தட்டும் சுத்தியல்), சைட் (குறி பார்க்கும் முள்), பிடி எல்லாம் மாற்ற 600 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்? (டாலஸ் வாசகர்)

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அந்த 600 டாலரைத் தோட்டாவில் போடுங்கள். குறைந்தது 500 தோட்டாவாவது சுட்டு முடித்த பிறகு, கையில் எங்கே வலித்தது, எது எட்டவில்லை, எது கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது கையில் வைத்திருக்கும் பட்டியலும் அந்தத் தாளும் ஒன்றாக இருக்காது, நிச்சயமாகச் சொல்கிறேன்.

இந்தத் துப்பாக்கியின் வரலாறே அப்படித்தான். ஜான் பிரவுனிங் வடிவமைத்ததை 6,000 தோட்டா சுட்டுச் சோதித்துவிட்டுத்தான் அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அப்புறம் முதல் உலகப்போரில் அத்தனை சிப்பாய்களின் கையில் புழங்கி, 1920களின் நடுவில்தான் மாற்றங்கள் வந்தன. டிரிகரைக் குட்டையாக்கினார்கள், விரல் எட்டுவதற்காக டிரிகருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உலோகத்தைச் செதுக்கினார்கள், கிரிப் சேஃப்டியின் (பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சுட விடும் பாதுகாப்புப் பட்டை) வாலை நீட்டினார்கள், பிடியின் பின்பக்கம் நேராக இருந்ததை வளைவாக்கினார்கள், முன் சைட்டைச் சற்று அகலமாக்கினார்கள். கவனித்துப் பாருங்கள், எல்லாமே கைக்கும் கண்ணுக்கும் செய்தவை. உள்ளே ஓடும் இயந்திரத்தைத் தொடவே இல்லை. 1985இல் பெரெட்டா நிறுவனத்தின் பிஸ்டல் வரும்வரை அந்த வடிவமே ராணுவத்தின் பிஸ்டலாக இருந்தது.

அந்த 500 தோட்டாவுக்குள் ஒரு சோதனையும் செய்துவிடுங்கள். நண்பரிடம் மேகசினை (தோட்டா அடுக்கும் உறை) கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் வெடிக்காத டம்மி தோட்டா ஒன்றைச் செருகித் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது சத்தம் வராது, ஆனால் குழலின் முனை சட்டென்று கீழே குனியும். என்னுடையது இரண்டு அங்குலம் குனிந்தது. ஆறு மாதமாகச் சைட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சத்தத்துக்குப் பயந்து கை முன்கூட்டியே உதறுகிறது, அவ்வளவுதான். இதற்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடையாது.

கை உதறவில்லை, இருந்தும் குண்டு தொடர்ந்து கீழேயே போகிறது என்றால் பிடிக்கு வளைந்த பின்பக்கத்தைப் போட்டுப் பாருங்கள், மேலே போகிறது என்றால் நேரானது. ஒரு பின்னைத் தட்டி எடுத்தால் மாறிவிடும், செலவும் அதிகமில்லை. பிடியின் பக்கப் பலகைகள் பக்கத்துக்கு இரண்டு திருகாணி, அவ்வளவே. சின்னக் கைக்கு மெல்லிய பலகை போட்டால் டிரிகர் எட்டும் தூரமே குறைகிறது. விரல் வழுக்கினால் பிடியின் முன்பக்கத்தில் சொரசொரப்பான ஒட்டுத்தாள் ஒன்று போதும். வியர்க்கும் ஹூஸ்டன் வெயிலில் அதுதான் எனக்கு உதவிய முதல் மாற்றம்.

எந்தப் பாகத்தை மாற்றுவதற்கும் முன்னால் நல்ல மேகசின் வாங்குங்கள். தோட்டா சிக்குகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மேகசினின் உதட்டை, அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பைத்தான். மலிவாகக் கிடைத்ததே என்று ஒருமுறை மூன்று வாங்கினேன். மூன்றிலும் கடைசித் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். துப்பாக்கியைச் சந்தேகித்து ஸ்பிரிங்கெல்லாம் மாற்றியதுதான் மிச்சம். இப்போது ஒவ்வொரு மேகசினின் அடியிலும் பெயிண்ட் பேனாவால் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறேன். எது சிக்குகிறதோ அதைக் குறித்து வைத்துத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கேள்வி: சுடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கிழிந்து ரத்தம் வருகிறது. பிடிப்பது தவறா? (சான் ஆன்டோனியோ வாசகர்)

பதில்: தவறில்லை, நன்றாக மேலே ஏற்றிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகம்) பின்னால் வரும்போது ஹேமர் கீழே படுத்து, அந்தச் சதையைக் கிரிப் சேஃப்டியோடு சேர்த்துக் கடிக்கிறது. எனக்கும் அதே இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு உண்டு. கையைக் கீழே இறக்கிப் பிடிக்காதீர்கள், அதிர்வில் முனை இன்னும் எகிறும். பீவர்டெயில் என்கிற அகன்ற வால் உள்ள கிரிப் சேஃப்டியும், அதன் குழிக்குள் அடங்கும் வளைய ஹேமரும் போட்டால் தீர்ந்துவிடும்.

ஆனால் இதை நல்ல கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். அப்படியே பொருந்தும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் 1911இல் பல பாகங்கள் அரம் படாமல் பொருந்துவதில்லை, பீவர்டெயிலுக்குப் பல சமயம் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் (ஃபிரேம்) மூலையையே வெட்டி உருட்ட வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும், காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, ஹேமரை ஏற்றி, கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் டிரிகரை இழுங்கள். ஹேமர் விழக் கூடாது. விழுந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று, கட்டைவிரலைத் தம்ப் சேஃப்டியின் (அந்த விரலால் தள்ளும் பூட்டு) மேல் வைத்துச் சுடுபவர்களுக்கு உள்ளங்கை லேசாக விலகி, கிரிப் சேஃப்டி முழுதாக அழுந்தாமல் போகலாம். அடியில் மேடு உள்ள பீவர்டெயிலாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டிரிகரை இழுக்கத் தேவையான அழுத்தத்தை 2 பவுண்டுக்குக் குறைக்க வேண்டும். வீடியோ பார்த்து நானே சியரை (ஹேமரைப் பிடித்து வைக்கும் பாகம்) தேய்க்கலாமா? (ஆஸ்டின் வாசகர்)

பதில்: கூடாது. சியரும் ஹேமரின் கொக்கியும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் இடம் ஒரு மயிரிழை. அதில் கோணம் கொஞ்சம் தவறினால், ஸ்லைடு முன்னால் போகும்போது ஹேமரும் கூடவே விழும். நீங்கள் இழுக்காமலே அடுத்த தோட்டா வெடிக்கலாம். ரேஞ்சில் ஒரு மேசை தள்ளி இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன், குண்டு கூரையில் போய்ப் பட்டது. அன்று யாருக்கும் அடிபடவில்லை, நல்லவேளை. வீட்டில் வைக்கும் துப்பாக்கிக்கு 4 முதல் 5 பவுண்டு இருக்கட்டும். 1911இன் டிரிகர் கீல் போட்டு ஆடுவதில்லை, நேராகப் பின்னால் வழுக்குகிறது, அதனால் நல்ல கை பட்டால் அந்த 4 பவுண்டே லேசாகத் தெரியும். 2 பவுண்டு போட்டிக்காரர்கள் சமாசாரம், அவர்களும் கன்ஸ்மித்திடம்தான் போகிறார்கள்.

கேள்வி: சுத்தம் செய்து மாட்டும்போது இடது பக்கத்தில் வளைவாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. மனசே சரியில்லை. (ஃபிரிஸ்கோ வாசகர்)

பதில்: இதற்கு இங்கே முட்டாள் கீறல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே இல்லை. பொறுப்பாகக் கழற்றித் துடைப்பவருக்குத்தான் அது விழுகிறது. ஸ்லைடு ஸ்டாப்பை (ஸ்லைடைத் தடுத்து நிறுத்தும் நெம்புகோல்) துளையில் நுழைத்துவிட்டு வட்டமாகச் சுழற்றி மேலே தள்ளினால், அதன் முனை போகிற வழியெல்லாம் கோடு போடும். அடுத்த முறை அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஸ்லைடின் வெட்டு நேராக வந்ததும், ஸ்டாப்பைக் கிட்டத்தட்ட அதன் கடைசி நிலையிலேயே பிடித்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் முள்ளை நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ அமுக்கிக்கொண்டு நேராக உள்ளே தள்ளுங்கள். கிளிக் என்று ஒரே சத்தம் வரும். அப்புறம், கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழலுக்குக் கீழே இருக்கும் மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பறந்து வந்து கண்ணில் அடிக்கும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் தன் பெயரில் எனக்காக வாங்கித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். இருவருமே மாட்டுவீர்கள். இந்த மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதற்கும் இதே விதிதான், பலர் தெரியாமல் போய்விடுகிறார்கள். கிரீன் கார்டுக்காரர் தனக்காக வாங்கலாம், கடையில் கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் கடையில் நிரப்பும் 4473 என்ற ஃபெடரல் படிவத்தில் உண்மையில் வாங்குபவர் நான்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களுக்குக் கொடுத்தால் அது பொய் வாக்குமூலம், அவருடைய கிரீன் கார்டுக்கே ஆபத்து. விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகளும் உண்டு, உதாரணமாக நியூ ஜெர்சியில் வாங்குவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும்.

கேள்வி: வீட்டில் 6 வயதுப் பையன் இருக்கிறான். அலமாரியின் மேல் தட்டு போதாதா? (கேட்டி வாசகர்)

பதில்: போதாது. பையன் நாற்காலி போட்டு ஏறுவான். பூட்டும் பெட்டி வாங்குங்கள், தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக வைத்தால் டெக்சாஸில் அது குற்றம். சைட் மாற்றுவதற்கு முன்னால் இந்தப் பெட்டியை வாங்குங்கள்.

கேள்வி: டிசம்பரில் சென்னை போகிறோம். பிஸ்டலை வீட்டிலேயே விட்டுவிடுவேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? (டாலஸ் வாசகர்)

பதில்: பையைக் கவனியுங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையில் ஒரே ஒரு தோட்டா ஓரத்தில் தங்கியிருந்தால்கூட, இந்திய விமான நிலையத்தில் அது ஆயுதச் சட்ட வழக்காகலாம், விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். ஜாக்கெட் பை, லேப்டாப் பையின் சின்ன அறை, காரிலிருந்து எடுத்த துணிப்பை எல்லாவற்றையும் உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். என்னிடம் ரேஞ்சுக்கென்று ஒரு பழைய சிவப்புப் பை இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது அதைக் காராஜில் ஆணியில் மாட்டிவிடுவேன், பெட்டி அடுக்கும் அறைப் பக்கமே அது வராது.