பாலைவன வெயிலில் முதல் தொட்டித் தோட்டம்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கேள்வி: பாலைவனப் பகுதியில் குடியிருக்கிறேன். கோடையில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரமே இருக்காது. வீட்டுக்கு வெளியே கொஞ்சம் திறந்த இடம் இருக்கிறது. நாலு தக்காளி, நாலு மிளகாய் வைத்துப் பார்க்க ஆசை. வளர்ப்பு விளக்கு, ஈரப்பத மீட்டர், கறுப்புத் தொட்டிகள், நீர் தேக்கும் குருணை, உரம் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டி உங்கள் ஊர் வெயிலை நினைத்துச் சேர்த்தது இல்லை. அதில் உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை, மீதியில் சில செடிக்கே கெடுதல்.

விளக்கிலிருந்து பார்ப்போம். திறந்த வெளியில் உங்களுக்கு வெளிச்சம் குறைவாக இருக்கப் போவதில்லை, அளவுக்கு மீறித்தான் இருக்கும். அந்தப் பணத்தில் நல்ல நிழல் வலை வாங்குங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் 30 முதல் 40 சதவீத நிழல் தரும் வலை போதும். கீரை வகை என்றால் 50 வரை போகலாம். அதற்கு மேல் அடர்த்தியாக வாங்கினால் செடி நெட்டையாக வளர்ந்து காய்க்காமல் நிற்கும். வெள்ளை அல்லது வெள்ளி நிறமாகப் பாருங்கள், கறுப்பு வலை வெப்பத்தை வாங்கிக் கீழே இறக்கும். வலையைச் செடிமேல் போர்த்தாமல் காற்றுப் போக இடம்விட்டு உயரத்தில் கட்டுங்கள். மேற்கு வெயில்தான் கொல்லும். மேலே மறைத்து மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

அடுத்தது தொட்டி. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான் என்று நினைக்கிறேன். இலை வாடினால் நமக்குத் தெரிகிறது, வேர் வெந்தால் தெரிவதில்லை. நேர் வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் ஓரத்து மண் 50 டிகிரியைக்கூடத் தொடலாம். பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் 35 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பித்துவிடும். வெளிர் நிறத் தொட்டி வாங்குங்கள், பெரிதாகவும் வாங்குங்கள்: தக்காளிக்கு ஒரு செடிக்கு 20 லிட்டர், மிளகாய்க்கு 12 லிட்டராவது வேண்டும். துணிப் பைகளை நிறைய பேர் சிபாரிசு செய்வார்கள். வேர் சூடாகாது என்பது உண்மைதான். ஆனால் வறண்ட காற்றில் அவை எல்லாப் பக்கமும் நீரை இழக்கும், ஓரங்களில் உப்பும் பூக்கும். ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி போய்விடும். சுட்ட மண் தொட்டிக்கும் இதே குறை உண்டு. கறுப்புத் தொட்டி ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதைவிடச் சற்றுப் பெரிய வெளிர் நிறத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள், இடையில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும்.

ஈரப்பத மீட்டரை விட்டுவிடுங்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான மீட்டர்கள் பெரும்பாலும் ஈரத்தை நேராக அளப்பதில்லை, மண் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைத்தான் அளக்கின்றன. உப்பு ஏறிய மண் நன்றாகக் கடத்தும். அதனால் காய்ந்த மண்ணைக்கூட ஈரம் என்று காட்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், அது போதும். நீர் தேக்கும் குருணையும் அப்படித்தான்: நல்ல தண்ணீரில் பெரிதாக ஊதும், உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் அந்த அளவுக்கு ஊதாது.

மண்ணுக்கு, கழுவிய தென்னை நார்க்கழிவும் நன்றாக மட்கிய உரமும் வாங்குங்கள். ‘கழுவியது’ அல்லது ‘உப்பு குறைந்தது’ என்று பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம். வாங்கிவிட்டால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தண்ணீர் கடினமானது, அதனால் உப்புப் போட்டு மென்மையாக்கும் கருவி வைத்திருக்கிறோம். செடிக்கு அந்தத் தண்ணீர் நல்லதுதானே?

பதில்: இல்லை. அந்தக் கருவி தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. குழாய்க்கும் சோப்புக்கும் அது நல்லது. செடிக்கோ, வேண்டிய இரண்டு சத்தும் போய் வேண்டாத ஒன்று வந்து சேர்கிறது. கருவிக்கு முன்னால் பிரியும் குழாயிலிருந்து பிடியுங்கள், அப்படி ஒரு குழாய் இல்லையென்றால் குழாய் வேலை செய்பவரிடம் சொல்லி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி, ஒன்று வாங்கினால் வீண் போகாது. லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் கவலை வேண்டாம். 2000 வரை போனால் கவனமாகச் சமாளிக்கலாம், அதற்கு மேலே தொட்டிச் செடிக்கு ஆகாது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: மென்மையாக்கிய தண்ணீரிலும் மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணைத்தான் காட்டும். எவ்வளவு உப்பு என்று சொல்லுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதுதான் உப்பைச் சேர்க்கும் பழக்கம். நீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே நின்றுவிடும். ஊற்றினால் அடித் துளை வழியாக ஐந்தில் ஒரு பங்கு வெளியேறும் அளவுக்கு ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை அப்புறப்படுத்துங்கள், அதில் கழுவி இறங்கிய உப்பு இருக்கிறது. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதைச் செடிமேல் விடாதீர்கள்.

கேள்வி: புதுத் துளிர்கள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. இரும்புச் சத்து என்று ஒன்று வாங்கி மண்ணில் ஊற்றினேன், மாற்றமே இல்லை.

பதில்: உங்கள் கணிப்பு சரியாகத்தான் இருக்கும், வாங்கிய பொருள் பொருந்தியிருக்காது. பாலைவனத் தண்ணீரும் மண்ணும் பொதுவாகக் காரத்தன்மை கொண்டவை. அங்கே சாதாரண இரும்பு உப்பு செடி எடுப்பதற்குள் கரையாத நிலைக்குப் போய்விடும். லேபிளைத் திருப்பி, இரும்பு கரையாமல் போகாதபடி அதைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் எது என்று பாருங்கள். ‘இடிடிஏ’ (EDTA) என்று இருந்தால் அது அமில மண்ணுக்குத்தான் தோது. ‘இடிடிஎச்ஏ’ (EDDHA) என்று இருப்பதை வாங்குங்கள், அது காரமான மண்ணிலும் நிற்கும். விலை கூடுதலாக இருக்கும், ஆனால் மிகக் கொஞ்சமே தேவை. ஊற்றிய பிறகு பழைய மஞ்சள் இலைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம், புதிதாக வரும் துளிரைப் பாருங்கள்.

கேள்வி: தக்காளி நன்றாகப் பூக்கிறது, ஆனால் எல்லாப் பூவும் உதிர்கிறது. பூ நிற்கும் மருந்து வாங்கலாமா?

பதில்: இப்போது கோடையா? அப்படியென்றால் வாங்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் மகரந்தம் கெட்டுவிடும், பூ தானாக உதிரும். செடியை உயிரோடு வைத்திருங்கள், வெப்பம் தணிந்ததும் காய்க்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோடை இறங்கும்போது நாற்று நட்டு, கடுங்குளிர் வரும் இடமாக இருந்தால் அதற்கு முன் அறுவடை முடிகிற மாதிரி கணக்குப் போடுங்கள். விதை உறையில் எழுதியிருக்கும் நாள் கணக்கு, தக்காளிக்கு வழக்கமாக நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணுவது. விதை போட்டதிலிருந்து அல்ல. 55 முதல் 65 நாளில் காய்க்கும் சிறு தக்காளி ரகத்தை எடுங்கள், பெரிய காய் ரகங்களைவிட வெப்பத்தில் கொஞ்சம் நன்றாகவே பிடிக்கும். விதையைச் சின்னப் பொட்டலமாக வாங்கி வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். சூட்டில் கிடந்த விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும், கடைக்கு வெளியே வெயிலில் தொங்கும் உறைகளை எடுக்காதீர்கள்.