திரை அணைந்த நேரம்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். கேட்க ஆளில்லாமல், நானே படித்து இசட்எக்ஸ்81 என்ற பழைய வீட்டுக் கணினியை, நாம் எழுதுகிறபடி உள்ளே இணைந்துகொள்ளும் எஃப்பிஜிஏ சிப் உள்ள போர்டில் செய்துவிட்டேன். படத்துக்குத் தனி சர்க்யூட் போட்டேன். 50 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பழையதில் 'ஃபாஸ்ட்' முறையில் கணக்குப் போடும்போது திரை அணையுமாமே, அந்தக் குறை இதில் இல்லை. இனி சர்க்யூட்டை வெரிலாக் மொழியிலேயே எழுதவா, விஎச்டிஎல் மொழி படிக்கவா?

அன்புள்ள தம்பி,

கை பழகியதில் எழுதுங்கள். அது பெரிய விஷயமில்லை. தனியாக உட்கார்ந்து இவ்வளவு செய்திருக்கிறீர்கள், உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் 'குறை' என்று எழுதினீர்களே, அதை விட முடியவில்லை.

1984-ல் சித்தப்பா குவைத்திலிருந்து ஒரு இசட்எக்ஸ்81 கொண்டுவந்தார். நெல்லை டவுனில் ஒரு ரேடியோ கடை. இலங்கையின் ரூபவாஹினி பார்க்க உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டிய டிவி அங்கே இருந்தது. கணினியின் சேனல் அதில் வராது. கடைக்கார அண்ணாச்சி பெட்டியைத் திறந்து, படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டருக்கு முன்னாலேயே ஒரு ஒயரைப் பற்றவைத்து நேரே டிவிக்குள் கொடுத்தார். 'ஃபாஸ்ட்' அடித்து ஓடவிட்டதும் படம் போய்விட்டது. "ஏல, போச்சா?" என்று பதறினார். "கணக்குப் போடுது அண்ணாச்சி." எண்கள் திரும்பி வரும்வரை சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமல் நின்றார்.

அந்தக் கணினியில் மொத்தமே நாலைந்து சிப். படம் வரையத் தனி ஆள் கிடையாது, 3.25 மெகாஹெர்ட்ஸ் இசட்80 ப்ராசஸர்தான் அதையும் பார்க்கவேண்டும். திரையிலுள்ள எழுத்துகளையே அது கட்டளைகளாக ஓட்டும். யூஎல்ஏ என்ற துணைச் சிப் குறுக்கே புகுந்து எழுத்தைத் தான் வாங்கிக்கொண்டு, இசட்80-க்கு வெறும் பூஜ்யத்தை நீட்டும். பூஜ்யமென்றால் 'சும்மா இரு'. வரிக்கடைசியில் வரும் 118 என்ற எண் மட்டும் தடையில்லாமல் போகும், அது 'ஹால்ட்', அதாவது 'நில்'. அங்கே நின்றுவிடும். எழுப்புவது யார்? மெமரி மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ரெஃப்ரெஷுக்காக, இசட்80-க்குள் தானாக எண்ணிக்கொண்டிருக்கும் ஆர் ரெஜிஸ்டர். அந்த எண்ணிக்கை வெளியே வரும் ஏ6 பின்னை, இசட்80-ஐத் தட்டியெழுப்பும் இன்டரப்ட் பின்னோடு கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்! இதையா தூக்கி எறிந்தீர்கள்? ஒரே ஆள் சமைத்துப் பரிமாறிய வீடு அது. 'ஃபாஸ்ட்' என்று கணக்கில் மூழ்கினால் திரை அணையத்தான் செய்யும். நீங்கள் செய்திருப்பது நல்ல மெஷின், ஆனால் வேறு மெஷின். சொல்கிறபடி இணைந்துகொள்ளும் லாஜிக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த யூஎல்ஏவையே கட்டாமல் என்ன அவசரம்?

க்ளாக்கை 3.25-க்கு இறக்குங்கள். ஏ6-ஐ இன்டரப்டில் கட்டுங்கள். முதலில் படம் உருளும். பயப்படாமல், வரிக்கு 207 க்ளாக் வருகிறதா என்று எண்ணுங்கள். சரியானதும் 'ஃபாஸ்ட்' அடித்து ஒரு கணக்கை ஓடவிட்டு, திரை அணைந்ததா என்று எனக்கு அன்றைக்கே எழுதுங்கள்.