அடுப்படியில் ஒரு பொட்டலம்

கேள்வி: எனக்கு வயது 25. ஜனவரியில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது, டி.எஸ்.எச். (தைராய்டு குறையக் குறைய ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 11. தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை எழுதினார்கள். ஜூன் கடைசியில் பார்த்தால் 9.6. டாக்டர் 100 ஆக்கிவிட்டார். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தையில் கல்யாணம். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடந்ததால் மாப்பிள்ளை வீட்டார் அடிக்கடி வந்து தங்கினார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அம்மா டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாத்திரைகளைப் பொட்டலமாக மடித்து அடுப்படியில் வைத்திருக்கிறார். எனக்குக் குழந்தை பிறக்குமா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: குழந்தை இருக்கட்டும் தாயி, முதலில் அந்தப் பொட்டலத்துக்கு வா.

சாடியில் உப்பே கசிகிற ஊர் உன்னுடையது. அங்கே அடுப்பு அனலும் உலை ஆவியும் படுகிற இடத்தில், காகிதத்தில் மடித்த உன் தைராக்ஸின் மாத்திரை என்ன ஆகும்? ஈரம், சூடு, வெளிச்சம் மூன்றும் அதற்கு ஆகாது. வீரியம் குறைந்துபோகும், பார்க்க மாத்திரை அப்படியேதான் இருக்கும்.

நீ எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அவர்கள் தங்கிய நாட்களில் அதைப் போட்டாயா? தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம், டி.எஸ்.எச். நிலைகொள்ள ஆறு முதல் எட்டு வாரம். அப்படியானால் ஜூன் கடைசியில் வந்த 9.6 தடைக்காலத்துக் கணக்கு. அதை வைத்து உன் வயிற்றுக்கு ஜோசியம் பார்க்காதே.

டாக்டருக்குப் பொட்டலம் தெரியாது. 75 போதவில்லை என்று நினைத்து 100 எழுதியிருப்பார். புது டப்பாவிலிருந்து 100-ஐ ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் அளவு மிஞ்சலாம்: படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. இந்த வாரமே போய் நடந்ததைச் சொல். அளவை அவர் முடிவு செய்யட்டும்.

பிறகு, காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் போடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் டீ கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி விடு. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே நிறுத்து. முடிவு தப்பாக வரும். யாராவது கடல்பாசி காய்ச்சிக் குடி என்பார்கள். வேண்டாம், அயோடின் மிஞ்சினாலும் தைராய்டு முடங்கும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி பார்.

தைராய்டு குறைந்தால் கருமுட்டை வெளியாவது தடுமாறும், மாதவிலக்கு தள்ளிப்போகும். அளவு சரியானதும் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும். சில மாதம் சரியாக இருந்தும் திரும்பாவிட்டால்தான் ஸ்கேன், புரோலாக்டின் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி என்று தேட வேண்டும்.

எனக்கு உன் அம்மா மீதுதான் கோபம். ஒளித்து வைக்கிற மாத்திரையா இது? கருத்தரிக்குமுன் டி.எஸ்.எச். 2.5-க்குள் இருக்க வேண்டும்; ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நாள் தள்ளி, கரு உறுதியான உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மாத்திரை அளவு கால் பங்குக்கு மேல் கூடும். முதல் மூன்று மாதம் பிள்ளையின் மூளை தாயின் தைராய்டை நம்பித்தான் வளர்கிறது. அப்போது மாமியார் அடுப்படியில் எங்கே ஒளிப்பாய்?

மாப்பிள்ளையிடம் இப்போதே சொல். பெரியவர்களிடம் அம்மாவே போய்ச் சொல்லட்டும். பெற்றவள் செய்ய வேண்டிய வேலை அது. தினம் ஒரு மாத்திரைக்காகச் சம்பந்தம் முறியும் என்றால் தைக்கு முன்னாலேயே முறியட்டும்.

பொட்டலத்தைக் குப்பையில் போடு. அவர்கள் அடுத்த முறை வரும்போது புது டப்பா கூடத்து மேசைமேல், மூடி இறுக்கி, இருக்கட்டும்.