முகாம் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் போர்க்கதை படிக்கலாமா?

கேள்வி: ஊத்தங்கரைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். நூலகப் பாடவேளையில் போர், இன ஒடுக்குமுறை பற்றிய சிறுவர் நாவல் ஒன்றைப் படித்துக் காட்ட ஆசை. வகுப்பில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு பேர். ‘எதுக்கு வம்பு’ என்கிறார் ஹெச்.எம். புத்தகம் விற்க வந்த ஒருவர் உலகப் போர்க் கதைகள் என்று ஒரு புத்தகக் கட்டைக் காட்டினார். வாங்கலாமா? படித்தால் அந்தப் பிள்ளைகள் மனம் நோகாதா?

பதில்: படியுங்கள். அந்தப் புத்தகக் கட்டை மட்டும் வாங்காதீர்கள்.

இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் முகாம் பிள்ளை பெரும்பாலும் இங்கேயே பிறந்தது. 1983க்குப் பிறகும் 1990இலும் படகேறி வந்தது அதன் தாத்தா பாட்டி தலைமுறை. கதையில் குண்டு விழுந்தால் அது பயப்படும் என்பதைவிட, அந்த நேரம் வகுப்பு மொத்தமும் திரும்பித் தன்னைப் பார்க்கும் என்பதில்தான் கூசிப்போகும். திரும்பவைப்பது நாம்தான். “நீ சொல்லும்மா, உங்க ஊர்லயும் இப்படித்தானே?” இதைக் கேட்கவே கேட்காதீர்கள். உண்மையில் கதையைவிட, உதவித்தொகைப் படிவத்தில் குடியுரிமைக் கட்டத்தை நிரப்பும் நாளில்தான் அது அதிகம் நோகும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை. அந்த நாள் எந்த ஹெச்.எம்.மும் வம்பு என்று யோசிப்பதில்லை.

ஒரு விலக்கு உண்டு. பிள்ளை தானாக வந்து, “எங்க ஆயாவும் இப்படித்தான் வந்தாங்க டீச்சர்” என்று சொன்னால் கேளுங்கள். கேட்பது மட்டும். அப்புறம் என்ன ஆச்சு என்று தோண்ட வேண்டாம். வகுப்புக்கு நடுவே சொன்னால் “சொன்னதுக்கு நன்றிடா” என்று அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். காலை வணக்கக் கூட்டத்தில் அதைச் சொல்லவைப்பது, பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்வது, போனில் வீடியோ எடுத்து ஆசிரியர் குழுவில் போடுவது, எதுவும் கூடாது. ஆயாவைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைக்கலாமே என்று தோன்றும். அவரே வருகிறேன் என்றாலும், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ‘உனக்குச் சம்மதமா’ என்று கேளுங்கள். தலையாட்டினால் போதாது, மறுநாளும் ஒருமுறை கேளுங்கள்.

இனி அந்தக் கட்டு. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். நூலக மானியம் வருவது வருடக் கடைசியில். செலவழித்தாயிற்று என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று மட்டும் உடனே வேண்டும். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு போட்டே ஓய்ந்துபோன ஆசிரியர் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் எங்கே? சரியாக அந்த நேரம் பார்த்து ஆள் வருவார், பில்லும் கையோடு இருக்கும். முதல் இரண்டு பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள்: மூல ஆசிரியர் யார், மொழிபெயர்த்தவர் யார், எந்த ஆண்டுப் பதிப்பு? மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால், இருநூறு பக்க நாவலை முப்பது பக்கமாக வெட்டி, கடைசியில் ஒரு நீதியை ஒட்டிய சரக்கு அது. அச்சடித்த விலைக்கு மேல் ஸ்டிக்கர் இருந்தால் பேச்சே வேண்டாம்.

பெயர்பெற்ற புத்தகம் என்பதற்காகவும் எடுத்துவிடாதீர்கள். ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’ நாவலைப் பலர் சிபாரிசு செய்வார்கள். வதைமுகாம் அதிகாரியின் மகனும் உள்ளே இருக்கும் யூதச் சிறுவனும் வேலியோரம் நண்பர்களாகும் கதை. நிஜத்தில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வேலியில் மின்சாரம் ஓடியது. அங்கே கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தைகளில் பெரும்பாலோரை வந்த உடனேயே விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். அந்த வரலாற்றைக் கற்பிப்பவர்கள் இந்தப் புத்தகத்தைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020இல் சொன்னது.

உங்களுக்கு நான் சொல்வது ஜப்பானியச் சிறுமி சடாகோவின் கதை. ஹிரோஷிமா நாளான ஆகஸ்ட் 6 அன்று எத்தனையோ பள்ளிகளில் காகிதக் கொக்கு மடிக்கிறார்கள், உங்கள் பிள்ளைகளும் மடித்திருக்கலாம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோவுக்கு 2 வயது. 1955இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பி மடித்தவள், 1977இல் வந்த நாவலில் 644 கொக்குகளோடு நின்றுவிடுகிறாள், மீதியைத் தோழர்கள் மடிக்கிறார்கள். அவள் ஆயிரத்துக்கும் மேல் மடித்தாள் என்கிறார்கள் வீட்டார். படித்து முடித்ததும் இதைச் சொல்லி, எழுத்தாளர் ஏன் மாற்றியிருப்பார் என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புக்கு அந்த விவாதம் தாராளம். பாதிப் பேர் நாஜி, பாதிப் பேர் யூதர் என்று நடிக்கவைக்கும் யோசனையோடு கேமராவும் கையுமாக யாராவது வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஹெச்.எம்.முக்காகப் பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மட்டும் வேண்டாம். மனதில் ஏதாவது தைத்திருந்தால், பிள்ளைக்குத் திங்கள்வரை உங்களிடம் வந்து கேட்க வழியிருக்காது.