கேம் மாநாட்டுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு கேம் புரோகிராமர். பலர் சேர்ந்து ஆடும் மொபைல் விளையாட்டுகளின் நெட்வொர்க் பகுதியை எழுதுபவர்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கேம் புரோகிராமர் ஆக ஆசை. சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் ஜி.டி.சி. (கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்) மாநாட்டுக்குக் கடன் வாங்கியாவது ஒருமுறை போய்விடலாம் என்று நினைக்கிறேன் அண்ணா. சரியா? – வாசகர், கோவை

கடன் வேண்டாம், தம்பி. 2024இல் அந்த மாநாட்டின் முழுச் சீட்டு, முன்பதிவுச் சலுகை இல்லாமல் வாங்கினால், 2,000 டாலரைத் தாண்டியது. விசா, விமானம், மாநாடு நடக்கும் மாஸ்கோனி சென்டரைச் சுற்றி அந்த வாரம் மட்டும் ஏறிவிடும் ஓட்டல் வாடகை எல்லாம் தனி. இன்னும் சம்பாதிக்கத் தொடங்காத நீங்கள் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அங்கே பேசியவற்றில் ஏராளமானவை மாநாட்டின் யூடியூப் சேனலில் இலவசமாகவே இருக்கின்றன. முதலில் 2016இல் கேம் புரோகிராமர் கைல் பிட்மேன் பேசியதைப் பாருங்கள். விளையாட்டில் ஒரு பாத்திரம் குதிப்பது எப்படி என்பதுதான் முழுப் பேச்சும். நம்மில் பலர் ஈர்ப்பு விசைக்கு ஒரு எண், குதிக்கும் வேகத்துக்கு ஒரு எண் என்று போட்டுவிட்டு, சரியாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்போம். அவர் மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறார். எவ்வளவு உயரம் குதிக்க வேண்டும், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால், மற்ற இரண்டு எண்களும் கணக்கிலேயே வந்துவிடும். 2 மீட்டர் உயரம், 0.4 விநாடி என்றால் ஆரம்ப வேகம் விநாடிக்கு 10 மீட்டர், ஈர்ப்பு 25. பூமியின் 9.8ஐ அப்படியே வைத்தால் அதே உயரத்துக்கு 0.64 விநாடி ஆகும். பாத்திரம் பலூன் மாதிரி மிதக்கும். எல்லாம் பிளஸ் டூ இயற்பியல்தான்.

இன்று இரவே எழுதிப் பாருங்கள். எழுதும்போது, பட்டனைச் சீக்கிரம் விட்டால் குட்டியாகக் குதிக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்று தோன்றும். அப்படி நீங்களே முட்டி மோதிக் கண்டுபிடித்த கேள்விகள் சில சேரட்டும். அப்புறம் போகலாம்.

கேள்வி: நான்கு வருடமாக இதே துறையில் இருக்கிறேன். எல்லாம்தான் வீடியோவில் வந்துவிடுகிறதே, நீங்கள் ஏன் நேரில் போகிறீர்கள்? – வாசகர், பெங்களூர்

பேச்சுகளைக் கேட்க மட்டும் என்றால் போக வேண்டியதே இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். 2017இல் டிம் ஃபோர்ட், தான் வேலை பார்த்த ஓவர்வாட்ச் என்ற, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் நெட்வொர்க் அமைப்பை விளக்கினார். சர்வரும் (எல்லோரையும் இணைக்கும் மையக் கணினி) ஆடுபவரின் கணினியும் 16 மில்லிவிநாடிக்கு ஒரு படி என்று ஆட்டத்தை நகர்த்துகின்றன. வழியில் தகவல் தொலைந்துபோகத் தொடங்கினால், ஆடுபவரின் கணினி அந்தப் படியை 15.2 மில்லிவிநாடியாகச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் ஓடும். அதனால் சர்வரின் கையிருப்பில் எப்போதும் சில உள்ளீடுகள் (ஆடுபவர் அழுத்திய பட்டன்கள்) கூடுதலாக இருக்கும். சர்வர் பெற்றுக்கொண்டதாகச் சொல்லாத பழைய உள்ளீடுகளும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே போகும். இவ்வளவும் நான் வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் கற்றுக்கொண்டதுதான்.

ஆனால் என்னிடம் இருந்த பிரச்சினை வேறு. தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஒரு பையன் போனில் ஆடுகிறான். அவனுக்குத் தகவல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலையவில்லை. இரண்டு விநாடிக்கு ஒன்றுமே வராது, அப்புறம் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். வீட்டு பிராட்பேண்டை மனத்தில் வைத்து எழுதிய எந்த உத்தியும் அங்கே நிற்கவில்லை.

அந்தக் கேள்வியை ஜி.டி.சி.யில் நெட்வொர்க் புரோகிராமர்களின் ரவுண்ட்டேபிளுக்குக் கொண்டுபோனேன். இந்த அமர்வுகளைப் பதிவு செய்வதில்லை. மேடை கிடையாது, ஸ்லைடு கிடையாது. ஒருவர் ஒழுங்குபடுத்த, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். வேறொரு கண்டத்திலிருந்து வந்திருந்த ஒருவர், இதே இரண்டு விநாடி இடைவெளியை ஊகித்து நிரப்பும் வேலையில் மாதக்கணக்கில் மெனக்கெட்டதாகச் சொன்னார். எதிரி இந்நேரம் இங்கேதான் இருப்பான் என்று காட்டிக்கொண்டே போனதில், ஆடுபவர்கள் தாங்கள் எப்போதோ செத்துவிட்டதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டு கொதித்திருக்கிறார்கள். கடைசியில் அவர் எழுதியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இணைப்பு போய்விட்டது என்று திரையிலேயே நேராகச் சொல்லிவிட்டாராம். கோபம் அடங்கிவிட்டது. நாங்கள் அந்த வழியில் இறங்கவிருந்தோம், இறங்கவில்லை.

இது எந்த வீடியோவிலும் இல்லை. மாநாட்டில் பேச விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் பலித்ததைத்தான் சொல்ல விண்ணப்பிப்பார். பலிக்காததைக் கேட்க வேண்டுமானால் நேரில் போய், வாய்விட்டுக் கேட்க வேண்டும். போஸ்ட்மார்ட்டம் என்ற தலைப்பில், முடித்த விளையாட்டில் எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று அலசும் பேச்சுகளில் சிலர் மனம் திறப்பார்கள்; அவற்றைத் தவறவிடாதீர்கள். மற்ற பேச்சுகள் முடிந்ததும் பேச்சாளர் அறைக்கு வெளியே நிற்பார். நன்றாகப் பேசினீர்கள் என்று கை குலுக்கிவிட்டு வராமல், இது எங்கே உடைந்தது என்று கேளுங்கள். முகம் மலர்ந்து அரை மணி நேரம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாநாடு தொடங்கியதே இப்படித்தான். 1988இல் கிறிஸ் கிராஃபோர்ட் சான் ஹோசேயில் இருந்த தன் வீட்டுக்கு சக கேம் வடிவமைப்பாளர்களை அழைத்தார். வந்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. இன்று பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அந்த வீட்டுச் சந்திப்பின் குணம் ரவுண்ட்டேபிளில்தான் மிச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: மாநாட்டுக்குப் போனால் வேலை கிடைக்குமா? – வாசகர், திருச்சி

அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நிறுவனங்களின் ஸ்டாலில் நிற்பவர் பெரும்பாலும் இணையத்தில் விண்ணப்பிக்கத்தான் சொல்வார். 2023இல் தொடங்கிய ஆட்குறைப்பில் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2024 மார்ச் மாநாட்டின்போது பக்கத்துப் பூங்காவில் கேம் உருவாக்குபவர்கள் கூட்டமாக நின்று, ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்தினார்கள். அவ்வளவு அடைத்துக் கிடந்தது அவர்களுக்கு. நிலைமை அப்படி இருக்கும்போது உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

போவதாக முடிவு செய்துவிட்டால், நீங்கள் செய்த விளையாட்டு உங்கள் போனிலேயே, நெட் இல்லாமல், உடனே திறக்கும்படி இருக்கட்டும். அரங்குகளில் வைஃபையை நம்ப முடியாது.

கேள்வி: என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்திய கேம் டெவலப்பர் மாநாட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா? – ஒரு தாய், மதுரை

அனுப்புங்கள் அம்மா. இந்திய மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் நடத்தத் தொடங்கி, பல ஆண்டுகள் ஹைதராபாத்தில் நடந்த மாநாடு அது. ஜி.டி.சி.க்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். நம் ஊர் போன், நம் ஊர் நெட், நம் ஊரில் பணம் கட்டி விளையாடுபவர்கள் எவ்வளவு குறைவு என்பதையெல்லாம் பேச, படிக்கும் பிள்ளைக்கு அதுதான் பொருத்தமான இடம். கூடப் படிக்கும் தோழிகளோடு போகட்டும். மாநாடுகளை ஒட்டி மாலையில் விருந்துகள் நடப்பது உண்டு, மதுவும் இருக்கும். அங்கே போகாவிட்டால் எதையோ இழந்துவிடுவோம் என்று அவள் நினைக்க வேண்டாம். கற்க வேண்டியது பகலிலேயே முடிந்துவிடும். யாராவது தொந்தரவு செய்தால், பொறுத்துப் போகாமல் உடனே அமைப்பாளர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: கோடு எழுதுவேன், ஆனால் ஆங்கிலத்தில் பேச நாக்கு எழாது. கூச்சம் வேறு. நான் போய் என்ன செய்வேன்? – வாசகர், தூத்துக்குடி

ஜி.டி.சி.க்கு ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் வருபவர்களில் பலருக்கு உங்கள் அளவுக்குக்கூட ஆங்கிலம் வராது. ஒரு படம் வரைந்து, அதில் விரலை வைத்து 'இங்கே, லேட்' என்பார்கள். எதிரில் இருக்கும் புரோகிராமருக்குப் புரிந்துவிடும்.

உங்கள் கேள்வியை இரண்டு வரியில் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி, எங்கே நின்றுவிட்டது என்று ஒரு வரி. பேச்சு வராவிட்டால் போனை நீட்டுங்கள். போவதற்கு முன் அந்த இரண்டு வரியை இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.