டிரம் வாங்கவா, குழி வெட்டவா?

கேள்வி: பரமக்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் இருக்கிறது. சீமைக் கருவேலத்தை வெட்டியதில் விறகும் முள்ளுமாகக் குவிந்து கிடக்கிறது. மண்ணில் கலக்கும் மரக்கரியான பயோசார் போட்டால் உரச் செலவு பாதியாகும் என்று சொல்லி ஒரு வியாபாரி மூட்டை விற்கிறார். கரி சுடுகிற டிரம்மும் தருகிறாராம். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். மண்வெட்டி இருந்தால் போதும்.

முதலில் தடித்த விறகைத் தனியாகப் பிரித்து, கரி மூட்டம் போடுகிறவர்களிடம் விற்றுவிடுங்கள். காசாகிற விறகை மண்ணில் புதைப்பானேன்? மணிக்கட்டை விட மெல்லிய கிளைகளைத்தான் பலரும் வரப்போரம் கொளுத்திச் சாம்பலாக்குகிறார்கள். பயோசாருக்கு அந்தச் சரக்கே தோது. நன்றாகக் காயட்டும்; பச்சை விறகு புகைந்தே தீர்த்துவிடும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் கலக்காதீர்கள்.

மேல்வாய் ஐந்தடி, ஆழம் மூன்றடிக்குள், அடி குறுகலாகப் புனல் மாதிரி குழி வெட்டுங்கள். அடியில் தீ மூட்டி, கிளைகள் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். குழி நிரம்பும்வரை இப்படியே. மேலே எரியும் தீ காற்றை எடுத்துக்கொள்வதால் கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாக நிற்கும். கிளம்பும் வாயுவும் அந்தத் தீயிலேயே எரிவதால் புகை குறைவு. சுவிட்சர்லாந்தின் இதாக்கா நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த ‘கோன்-டிக்கி’ எஃகு உலையும் இதே தத்துவம்தான். டிரம் என்றால் முள் கிளைகளைத் துண்டு துண்டாக நறுக்கித் திணிக்க வேண்டும். தகடும் சீக்கிரம் இற்றுப்போகும்.

நிரம்பியதும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். உங்கள் பக்கம் தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்றால் ஈரமண்ணால் காற்றுப் புகாமல் மூடி, முழுக்க ஆறிய பிறகே திறங்கள். உள்ளே கனல் இருந்தால் அள்ளிய மூட்டையே பற்றிக்கொள்ளும். நூறு கிலோ காய்ந்த கிளைக்குச் சுமார் 20 கிலோ கரி தேறும்.

அப்புறம் அந்த ‘உரச் செலவு பாதி’. பயோசார் உரமே இல்லை. ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வெறும் கரியைப் போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அது கொஞ்ச காலம் பிடித்துக்கொள்ளும். எனவே நொறுக்கி, சாணிக் கரைசலிலோ மட்கிலோ இரண்டு வாரமாவது ஊறவிட்டுப் போடுங்கள். நொறுக்கும்போது கரியை நனைத்துக்கொண்டால் தூசி பறக்காது.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். கரிக்குக் காரத்தன்மை உண்டு. புளிப்பு மண்ணுக்கு அது நல்லது. களர் மண்ணுக்கு ஆகாது. மண்வள அட்டையில் பி.எச். 8-ஐத் தாண்டியிருந்தால் பெரிதாக இறங்க வேண்டாம். ஒரு பாத்தியில் போட்டு, பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டு, ஒரு போகம் பாருங்கள்.

இல்லை, மூட்டையே சௌகரியம் என்றால் ஈரப்பதம், கரிமச் சதவீதம், பி.எச். மூன்றும் உள்ள ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். எடை போட்டு விற்கும் ஈரக் கரியில் தண்ணீருக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.