அறளை பெயர்ந்த அம்மாவை எங்கே கொண்டுபோவது?

கேள்வி: கொக்குவிலில் இருக்கும் அம்மாவுக்கு 77 வயது. மூன்று வருடமாக மறதி. அக்காதான் தனியாகப் பார்க்கிறா. 'என்ரை சங்கிலியை எடுத்து வித்துப்போட்டாள்' என்று அம்மா அயலட்டையெல்லாம் சொல்லித் திரிகிறா. போன இரண்டு கிழமையாக நிலைமை மோசம். பகல் முழுக்க நித்திரை. இரவில் உடுப்புகளை உரப்பையில் கட்டிக்கொண்டு படலையைத் திறக்கிறா, படலையடியில் ஆக்கள் நிற்கினம் என்கிறா. நான் ரொறன்ரோவில். எந்த ஆஸ்பத்திரி, எந்த முதியோர் இல்லம் நல்லது? காணியை விற்றுச் செலவைப் பார்க்க அம்மாவுக்காக நான் ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவம் எழுதுவிக்கலாமா?

பதில்: இல்லத்தைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது 'போன இரண்டு கிழமையாக' என்ற சொற்களைத்தான். எங்கள் ஊரில் 'அறளை பெயர்ந்து போச்சு' என்று சொல்லிவிட்டு வயதின் தலையில் பழியைப் போட்டுவிடுவார்கள். வயது போனால் வருவதல்ல, இது டிமென்ஷியா என்ற மூளையின் மறதி நோய். அதுவும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வருகிற நோய். நாள்கணக்கில் ஆள் தலைகீழாக மாறினால், மறதி நோயின் மேல் வேறு ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் மருத்துவர்களான நாங்கள் முதலில் நினைப்போம். சலக்கிருமி, நெஞ்சுச்சளி, நாலைந்து நாள் மலம் போகாதது, குருதியில் சோடியம் குறைந்தது, எங்கோ விழுந்து தலையில் பட்டதை அவ சொல்லாமல் விட்டது. முதியவர்களுக்கு மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் இரத்தம் கிழமைகள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பகல் மயக்கமும் இரவுக் குழப்பமும் இல்லாத ஆட்களைக் காண்பதும் இந்தத் திடீர்க் குழப்பத்தின் முகம். மருத்துவத்தில் டெலிரியம் என்பார்கள். காரணத்தைப் பிடித்தால் பெரும்பாலும் திருப்பலாம். விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே இந்தக் கிழமையே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். காய்ச்சல் இருந்தால், எழுப்ப எழும்பாவிட்டால், நேரம் பார்க்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம். வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு எடுத்துப்போக வேண்டும். தடிமனுக்கு வாங்கிய பிரிற்றனையும் விடக்கூடாது. அந்தச் சின்ன மஞ்சள் குளிசை போதும் முதியவரின் மூளையைக் கலக்க. சீனி வருத்தம் உள்ளவர் என்றால், குளிசை போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டாவா என்று மிச்சக் குளிசைகளை எண்ணிப் பாருங்கள். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: கனடாவிலிருந்து அனுப்பும் பொதியில், பெயர் 'பி.எம்.' என்று முடியும் நோவுக் குளிசைப் போத்தல் போகிறதா? அநேகமாக அதற்குள் நித்திரைக்கென்று டைபென்ஹைட்ரமின் இருக்கும். அதுவும் பிரிற்றனின் ஒன்றுவிட்ட சகோதரம்தான். நிறுத்துங்கள்.

வார்ட்டில் விட்டால் தனியே விட வேண்டாம். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது பாதி மருந்து.

குழப்பம் தணிந்த பிறகுதான் மறதியை அளக்க முடியும். அதற்கு உளநலப் பிரிவுக்கோ நரம்பியல் மருத்துவரிடமோ அனுப்புவார்கள். போதனா வைத்தியசாலையைத் தவிர தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலச் சேவை இருக்கிறது. அக்கா தயங்கக்கூடும். பருத்தித்துறை வைத்தியசாலை இருக்கும் மந்திகை என்ற ஊர்ப்பெயரையே பகிடிச் சொல்லாக்கி வைத்திருக்கிற சனம் நாங்கள். 'தாயை விசராஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாள்' என்ற கதைக்குப் பயந்து இரண்டு மூன்று வருடம் பிந்தி வருபவர்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன். தைரொயிட், விற்றமின் பி12, சிறுநீரகம், சீனி இவற்றைக் குருதியில் பார்ப்பார்கள், தேவையென்றால் சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். அம்மா சுத்த சைவமா, சீனி வருத்தத்துக்கான மெற்போர்மின் பல வருடம் எடுப்பவவா? அப்படியானால் பி12 குறைந்திருக்கலாம், அதை நீங்களே கேட்டுச் சோதிப்பியுங்கள். மனச்சோர்வும் மறதி போல வேஷம் போடும்.

மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் என்று முடிவானால் டொனெபெசில், மெமன்டின் போன்ற மருந்துகள் உண்டு. சிலருக்குச் சில காலம் கொஞ்சம் தெளிவு கிடைக்கும், நோய் நிற்காது. அதற்குமேல் எதிர்பார்த்துக் கடன்பட வேண்டாம். கத்துகிறா, அடிக்கிறா என்று ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தை எழுதினால், 'எவ்வளவு காலத்துக்கு, எப்போது நிறுத்துவது?' என்று கேளுங்கள். மறதி நோயாளருக்கு அது பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். வேறு வழியில்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும்.

இனி அந்த உரப்பை. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து கொக்குவில் உட்பட வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்ததே, அந்த இரவில் உங்கள் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். இந்த நோயில் நேற்றையது முதலில் அழியும், பழையது கடைசிவரை நிற்கும். அவ கட்டுவது எந்தப் பயணத்துக்கான பை என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது, ஆனால் இப்படிப் பை கட்டும் அம்மாக்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவரல்ல. 'இதுதான் வீடு, எங்கை போறியள்?' என்று அக்கா வாதாடுவது வீண். 'விடியட்டும் அம்மா, வெளிச்சத்தோடை போவம், தேத்தண்ணி குடியுங்கோ' என்றால் பல இரவுகள் கடந்துவிடும். சங்கிலிக் கதையும் அப்படித்தான். வைத்த இடம் மறந்துபோன மூளை தனக்கொரு விளக்கம் தேடுகிறது. கள்ளப்பட்டம் எப்போதும் பக்கத்தில் நிற்பவருக்கே கிடைக்கும். இதை நீங்கள் தொலைபேசியில் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அயலட்டைக்கும் சொல்ல வேண்டும்.

வீட்டில் முதலில் கிணறு. கட்டு எவ்வளவு உயரமானாலும் இரும்புச் சட்டத்தில் வலை அடித்துப் பூட்டுங்கள். படலைக்கு ஒரு மணி. இரவில் கக்கூசுக்குப் போகும் வழியில் வெளிச்சம். பிறகு ஆள்: பணம் அனுப்பினால் பராமரிப்பு நடந்துவிடும் என்று புலம்பெயர்ந்த பிள்ளைகள் நினைக்கிறார்கள். பணம் இரவில் கண்விழிக்காது. இரவுக்கு மட்டும் சம்பளத்துக்கு ஒருவரை வையுங்கள். அக்கா நித்திரை கொண்டால் அரைவாசிச் சிக்கல் தீரும்.

அப்படியும் முடியாமல் போகும் நாள் வரலாம். அப்போது இல்லம் தேடுவது துரோகமல்ல. கைதடியில் உள்ள அரச முதியோர் இல்லம் முக்கியமாக ஆதரவற்றோருக்கானது. அது பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரிக்க வேண்டும். மற்றவை சமய நிறுவனங்களும் தனியாரும் நடத்துபவை. எந்த இல்லமானாலும், நடமாடித் திரியும், சலம் கட்டுப்படாத மறதி நோயாளரை ஏற்பார்களா என்று மூடிமறைக்காமல் கேளுங்கள். மறைத்துச் சேர்த்தால் ஒரு மாதத்தில் 'வந்து கூட்டிக்கொண்டு போங்கோ' என்று அழைப்பு வரும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், ஆளைக் கட்டிவைப்பார்களா? பார்க்கப் போவதைச் சொல்லாமல், பின்னேரம் நாலு மணிக்குப் போகச் சொல்லுங்கள். மறதி நோயாளர் பலர் பொழுது சாயும் நேரத்தில்தான் அந்தரப்படுவார்கள். அந்த வேளையில் ஊழியர் பேசும் குரலே போதும் முடிவெடுக்க.

காணி விஷயம் சுருக்கமாக. அற்றோர்ணித் தத்துவத்தில் ஒப்பமிடும்போது, தான் எதற்கு ஒப்பமிடுகிறேன் என்பது அம்மாவுக்கு விளங்க வேண்டும். இப்போதைய குழப்பத்தில் வாங்கும் ஒப்பம் நாளைக்கு வழக்காகும். தெளிந்த பிறகு மருத்துவரின் மதிப்பீட்டோடு சட்டத்தரணியைக் காணுங்கள். அப்போதும் விளங்காத நிலை என்றால் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுடன் செலவைப் பங்கிடப் பேசும்போது அதை நினைவூட்டலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவைத் தேருக்குக் கூட்டிப்போக வேண்டாம். அந்தச் சனத்தில் கை விட்டால் தேடிப் பிடிக்க முடியாது. வந்தவுடன் அக்காவை ஒரு கிழமை எங்காவது அனுப்பிவிட்டு, இரவுகளை நீங்களே பாருங்கள். அவ புறப்படுமுன் கிணற்று வலையின் திறப்பு எங்கே தொங்குகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.